பழகிரும்ணே!

இந்த ஒரு சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு உச்சந்தலையில் ஏறுகிறது. டவுன்ஹால் ரோட்டுக் கடைப் பையன் சொன்னான். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். மச்சான் சொன்னான். கடைசியில் வீட்டுக்காரியும் சொல்லிவிட்டாள். இன்றோடு 16 நாளாகிறது. பழகவில்லை. 899 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது பாட்டுக் கேட்கிற சாமானா, இல்லை வாடிவாசலுக்குப் பழக்கி எடுக்க வேண்டிய காளையா?

என் பழைய இயர்போன் ரொம்பச் சாது. பழைய போனோடு டப்பாவுக்குள் வந்தது. காது மடலின் பள்ளத்தில் சும்மா உட்கார்ந்திருக்குமே தவிர உள்ளே நுழையாது. ஆறு வருடம் உழைத்தது. ஜாக் பக்கத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்து, ஒரு கோணத்தில் மடித்துப் பிடித்தால்தான் இடது பக்கம் பாடும் என்ற நிலை வந்த பிறகும் ரப்பர் பேண்ட் சுற்றி நாலு மாதம் ஓட்டினேன். அதே மாதிரி ஒன்று கேட்டால், "அந்த டைப்பெல்லாம் இப்ப யாருண்ணே வாங்குறா, எல்லாம் காதுக்குள்ள போறதுதான்" என்றான் பையன். ப்ளூடூத் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். மச்சானுடையது ஒன்று ஏ.வி. பாலத்தில் பைக்கில் போகும்போது கழன்று வைகைக்குள் விழுந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் இல்லாத புண்ணியத்தில் இறங்கித் தேடினான், கிடைக்கவில்லை.

போட்டுப் பார்த்து வாங்குகிறேன் என்றேன். "காதுல வச்சதைத் திருப்பி எடுக்க மாட்டோம்ணே." நியாயம்தான், இன்னொருத்தர் காதுக்குள் போய்வந்ததை நானும் வாங்க மாட்டேன். ஆனால் 300 ரூபாய்ச் செருப்பை மாட்டி நாலு எட்டு நடந்து பார்க்கலாம், தலைக்குள் செருகப்போகிற சாமானைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வாங்க வேண்டுமாம். செருப்புக்காவது ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று அளவு போகிறது. இந்தப் பெட்டிக்குள் மூன்று ஜோடி ரப்பர். சின்னது, நடு, பெரிசு. ஊரில் இருக்கிற அத்தனை காதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிட வேண்டும்.

முதல் நாள் நடு சைஸைப் போட்டேன். தகர டப்பாவுக்குள் யாரோ பாடுகிற மாதிரி இருந்தது. தபேலாவைக் காணோம், பேஸ் கிடாரைக் காணோம், ஜால்ரா மட்டும் காதைக் கிழிக்கிறது. ஏமாற்றிவிட்டான் என்று பையனை வைதேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இந்த வகையில் ரப்பர் காதுத் துளையைச் சுற்றிலும் இறுக்கமாக அடைத்தால்தான் பேஸ், அதாவது அந்தத் தொம் தொம் என்கிற கனத்த சத்தம், நிற்கும். நூலளவு இடுக்கு இருந்தாலும் கசிந்துவிடும். சரி என்று பெரிசுக்கு மாறினேன். இடது காதில் கச்சிதம். வலது காதில் அரை மணி நேரத்தில் மிளகாய் வைத்த மாதிரி எரிச்சல். ஒரே ஆளின் இரண்டு காதுத் துளையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையாம். 42 வயதில் என் காதைப் பற்றி நான் தெரிந்துகொண்ட சேதி இது.

ஆக, இடதுக்குப் பெரிசு, வலதுக்கு நடு. வயரைக் காதுக்கு மேலே சுற்றி விட வேண்டும். ஒரு கையால் காது மடலை மேல்பக்கம் இழுத்துக்கொண்டு மறுகையால் திருகிச் செருக வேண்டும். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நின்று இந்த வித்தையைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கிட்டே வந்து, "காது வலியா தம்பி? நல்லெண்ணெயில பூண்டு தட்டிப்போட்டுக் காச்சி ஊத்துப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடைத்தாயிற்று, பேஸ் வந்துவிட்டது. கூடவே என் உடம்பும் பாட்டுக்குள் வந்துவிட்டது. நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் மண்டைக்குள் தொம், தொம். முறுக்கைக் கடித்தால் மேலூர்ப் பக்கம் குவாரியில் பாறை உடைக்கிற சத்தம். டீயை விழுங்கினால் கிணற்றில் வாளி விழுகிறது. போனில் பேசினால் என் குரல் எனக்கே பானைக்குள்ளிருந்து வருகிறது, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்துகிறேனா, இல்லை முனகுகிறேனா என்றும் தெரிவதில்லை. இது என் சாமானில் மட்டும் உள்ள கோளாறும் கிடையாது. நாம் பேசும்போதும் மெல்லும்போதும் எலும்பு வழியாக வருகிற அதிர்வு காதுத் துளை வழியே வெளியேறிவிடும். வாசலை அடைத்துவிட்டால் அது எங்கே போகும்? இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு 'ஊ' என்று சொல்லிப் பாருங்கள், என் 16 நாள் வாழ்க்கை விளங்கும். இதில் வயர் வேறு சட்டைப் பட்டனில் உரசி உரசி, இளையராஜா பாட்டுக்கு நடுவே யாரோ தேங்காய் துருவுகிறார்கள்.

ஒரு நன்மை இருக்கிறது, மறைக்கக் கூடாது. பழையதில் பஸ் இரைச்சலைத் தாண்டிக் கேட்கவேண்டி முழுச் சத்தம் வைப்பேன். இதில் பாதிக்கும் கீழே போதும். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பத்தே டெசிபல் கூடினால் நாற்பது நாலாகிவிடுகிறது. அந்தக் கணக்குப்படி என் பழைய பழக்கத்துக்கு நான் எப்போதோ செவிடாகியிருக்க வேண்டும்.

செவிடாகத்தான் போனேன், வேறு வழியில். ஒன்பதாம் நாள் காலை. பசுமலை தாண்டியது தெரியும். அப்புறம் பாட்டில் மூழ்கிவிட்டேன். நான் இறங்க வேண்டியது பழங்காநத்தம். கண்டக்டர் தோளைத் தட்டியபோது பஸ் பெரியார் நிலையத்துக்குள் நிற்கிறது. "பழங்காநத்தம் பழங்காநத்தம்னு தொண்டை கிழியக் கத்துறேன், காதுல என்னத்தண்ணே பூட்டி வச்சிருக்கீங்க?" பஸ்ஸில் மிச்சமிருந்த நாலு பேரும் சிரித்தாய்ங்க. திரும்ப ஷேர் ஆட்டோ பிடித்து ஆபீஸ் போய்ச் சேர 40 நிமிடம் லேட். பக்கத்து சீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் பழகலையா?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செக்கானூரணிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து நான் காதைத் தேய்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்டட்டி போட்ட காது அதனுடையது. தண்டட்டியை விற்று வருடம் பல ஆகியும் தோளைத் தொடுகிற மாதிரி தொங்கும். "காது வளக்குறதுன்னா சும்மாவாடா? குத்தி, பஞ்சைத் திணிச்சு, அப்புறம் கனமான குணுக்கைப் போட்டு, கொஞ்சங் கொஞ்சமா எறக்கணும். ராத்திரியெல்லாம் தூக்கம் வராது." உனக்கு எப்படி அப்பத்தா பழகியது என்று கேட்டேன். "அதுல பவுன் கெடந்துச்சு, பொறுத்துக்கிட்டேன். ஒனக்கு என்ன கெடக்கு?" என்றது. இந்த 16 நாளில் பழகிரும் என்று சொல்லாத ஒரே ஜீவன் அதுதான்.

அப்புறம் அந்தப் பதினாலாம் நாள் ராத்திரி. புழுக்கம், கரண்ட் வேறு இல்லை, காதுக்குள் வேர்வை கசகசக்கிறது. வேர்த்தால் இந்த ரப்பர் வழுக்கும். வழுக்கினால் இன்னும் உள்ளே அழுத்துவோம். அழுத்தி அழுத்தி, கடைசியில் வெறுத்துப்போய் இழுத்தேன். இயர்போன் வந்தது, ரப்பர் வரவில்லை.

வலது காதுக்குள் ரப்பரோடு நான் நிற்கிறேன். போன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "கறுப்பா தெரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்காரி தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கைக் கழற்றினாள். நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டர். இடுக்கியை விட்டு அரை நிமிடத்தில் எடுத்தார். பீஸ் 400 ரூபாய், சாமான் விலையில் கிட்டத்தட்ட பாதி. காதுத் துளை 2.5 சென்டிமீட்டர்தான் நீளம், அதற்கு அந்தப் பக்கம் செவிப்பறை, ஊக்கை விட்டிருந்தால் கதை வேறு என்றார். காது அழுக்கு தானாகவே வெளியே நகர்ந்து வருமாம், நாளும் பொழுதும் எதையாவது செருகினால் அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவோமாம். எடுத்த ரப்பரைப் பஞ்சில் வைத்துக் கையில் கொடுத்தார். கழுத்துப் பக்கம் கிழிந்திருந்தது. மிச்ச ரப்பரெல்லாம்? டப்பாவோடு குப்பைக்குப் போய் ஒரு வாரமாகிறது.

நேற்றுச் சாயங்காலம் அதே கடைக்குப் போனேன். நடு சைஸில் ஒரே ஒரு ரப்பர் வேண்டும் என்றேன்.

"ரப்பர் தனியா வராதுண்ணே. செட்டாத்தான் வாங்கணும்."

சரிப்பா, இதே செட்டைக் கொடு என்றேன்.

"இந்த மாடல் நின்னுருச்சுண்ணே. புதுசு ஒண்ணு வந்திருக்கு, 1,199. இதவிட நல்லா உள்ள போய் உக்காரும்."

போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"காதுல வச்சதைத் திருப்பி எடுக்க மாட்டோம்ணே."