அந்த வீடியோவை இங்கே கொண்டுவராதீர்கள்

நேற்று என் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பிரிட்டிஷ் காமெடி மேஜிக்காரர் டாமி கூப்பர் மேடையில் செத்துப்போகிற வீடியோ, அதோடு நாலு சிரிப்பு ஸ்மைலி, "செத்தா இப்படிச் சாகணும்" என்று ஒரு வரி. அழித்தேன். உடனே நான் சர்வாதிகாரி ஆகிவிட்டேன். சரி, இருந்துவிட்டுப் போகிறேன்.

1984 ஏப்ரல் 15, லண்டன் ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டர், டிவியில் நேரலை. உதவியாளர் பெண் அங்கியை மாட்டிவிட்டுப் போகிறார். மனுஷன் அப்படியே திரைச்சீலையில் சரிந்து உட்காருகிறார். அரங்கம் சிரிக்கிறது. அங்கிக்குள் வித்தைச் சாமான் நீட்டத் திரைக்குப் பின்னால் காத்திருந்த, நிகழ்ச்சியை நடத்திய ஜிம்மி டார்பக்கே அதையும் வேடிக்கை என்றுதான் நினைத்தார். அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்தே சிரிக்கிறீர்கள்.

அந்த ரெண்டு நிமிஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு ஆயுசு இருந்தது சார். 1921ல் வேல்ஸின் கேர்ஃபிலியில் பிறந்தவர். (மூணு வயசிலேயே எக்ஸிடருக்குப் போயாச்சே, என்ன வேல்ஸ்காரர் என்று ஒருவர் கேட்டார். 2008ல் கேர்ஃபிலியில் சிலை வைத்திருக்கிறார்கள், நடிகர் ஆந்தனி ஹாப்கின்ஸ் வந்து திறந்தார். போய் ஊர்க்காரர்களிடமே கேளுங்கள்.) கப்பல் கட்டுமிடத்தில் அப்ரண்டிஸாக இருந்தபோது கேன்டீனில் வித்தை காட்டப்போய் எல்லாம் சொதப்பல். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பை விடாமல் பிடித்துக்கொண்டார். போர்க்காலத்தில் கெய்ரோவில் தொப்பியை மறந்துவிட்டு மேடையேறியவர், பக்கத்தில் போன வெயிட்டரின் சிவப்புத் துருக்கித் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். கடைசிவரை அதுதான் அடையாளம்.

சொதப்புவது சுலபம் என்று நினைக்கிறீர்களா? லண்டன் மேஜிக்காரர்களின் சங்கமான மேஜிக் சர்க்கிளில் உறுப்பினர் அவர். வித்தை தெரிந்த கைதான் அத்தனை அழகாகத் தப்பு செய்யும். நகைச்சுவைத் துணுக்குகளைத் தலைப்பு வாரியாக ஃபைல் போட்டு வைத்திருந்தார், ஏதோ தாலுகா ஆபீஸ் மாதிரி. இப்போது அவை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில்.

"குடிகாரர், கட்டினவளுக்குத் துரோகம் செய்தவர், அவருக்காக ஏன் உருகுகிறீர்கள்?" குடித்தார். வேறு உறவும் இருந்தது. நல்லவர் என்று நான் எங்கே சொன்னேன்? அதற்கும் மூச்சு நிற்பதைப் பார்த்துச் சிரிப்பதற்கும் என்ன சம்பந்தம்? "சிரிக்க வைப்பதுதானே அவர் தொழில்" என்றவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் சித்தப்பா. வீட்டில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறவர். அக்கா கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு கால் மடங்கி விழுந்தார். "ஆரம்பிச்சிட்டாருடா" என்று கத்திச் சிரித்தோம். வாளி உருண்டு இலைக்குக் கீழே சாம்பார் ஓடுகிறது, அவர் எழுந்திருக்கவில்லை. ஒருத்தன் அதைப் படம் பிடித்திருக்கிறான். மூணு மாசம் கழித்துக் குடும்ப குரூப்பில் போட்டான், ஸ்மைலியோடு. சித்தியும் அந்த குரூப்பில்தான் இருந்தார். பார்த்ததற்கான நீல டிக் விழுந்தது. ஒன்றும் எழுதவில்லை.

அந்த வீடியோவில் முதலில் கேட்கிற சிரிப்பு என்னுடையது.

"சொந்தக் கதையை இதில் ஏன் கலக்கிறாய்" என்பீர்கள். கலப்பேன். என் பக்கம்.

பாட்டிலும் கிளாஸும் ரெண்டு குழாய்க்குள் இடம் மாறுகிற கூப்பரின் வித்தை வீடியோ இருக்கிறது. வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். கமெண்ட்டை மூடிவிட்டேன்.