ரெண்டு சாத்து சாத்தினால் அடங்கிவிடுமா?

"ரெண்டு சாத்து சாத்துங்க, தானா அடங்கிருவான்." என் பையனைப் பார்த்து இதைச் சொல்லாத சொந்தக்காரர் இனிமேல் பிறந்து வந்தால்தான் உண்டு. கொஞ்சம் நெருங்கியவர்கள் குரலைத் தாழ்த்தி, மந்திரித்துத் தாயத்துக் கட்டச் சொல்வார்கள். எல்லாம் அக்கறைதான். ஆனால் இந்த வைத்தியம் பலிக்காது.

பையனுக்கு ஒன்பது வயது. எதற்கெடுத்தாலும் எதிர்த்து நிற்கிற, கோபம் கட்டுக்கடங்காத நடத்தைக் கோளாறு அவனுக்கு; ஆங்கிலத்தில் ODD (Oppositional Defiant Disorder) என்பார்கள். "டிவியை அணைச்சுட்டு எழுத உட்காரு" என்றால் முதலில் "முடியாது" வரும், அடுத்து ரிமோட் பறக்கும். பின்மூடி உடைந்துபோய், பேட்டரி விழாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறோம். கோபம் உச்சிக்கு ஏறிவிட்டால் புத்திமதி சொன்னாலும் சரி, பெல்ட்டைக் காட்டினாலும் சரி, எதுவும் காதில் ஏறாது.

அமெரிக்காவின் ஓரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கே ஆள் அனுப்பி, யார் என்ன செய்ததும் யார் என்ன செய்தார்கள் என்று வரிசையாகக் குறிக்க வைத்தார். அவர் சொன்னது சுருக்கமாக இது: பிள்ளை கத்துகிறது, நாம் "சரி, பார்த்துத் தொலை" என்கிறோம், கத்தல் நிற்கிறது. கத்தினால் காரியம் ஆகும் என்று அது கற்றுக்கொள்கிறது. விட்டுக்கொடுத்தால் நிம்மதி என்று நாமும் கற்றுக்கொள்கிறோம். அடியும் இதே கணக்குதான். ஓர் அறைக்கு இன்று அடங்கினால் நாளைக்குக் கை தானாக ஓங்கும். கொஞ்ச நாளில் ஓர் அறை பத்தாது.

அதனால் இதற்கான சிகிச்சையில் பாதிக்கு மேல் பெற்றவர்களுக்குத்தான் பயிற்சி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்வது, செய்த உடனே பாராட்டுவது, செய்யாவிட்டால் சின்னதாக ஒன்றை அன்றைக்கே இழக்க வைப்பது. கேட்க எளிது. கத்தலுக்கு மசியாமல் நின்றால் முதலில் கத்தல் கூடும், அதுதான் கஷ்டம். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது, "பாவம், புள்ள தொண்டை கட்டிக்கப்போகுது" என்று பாட்டி செல்போனை நீட்டிவிடுவார். அவ்வளவுதான், அத்தனை நாள் பாடும் வீண். இன்னும் கொஞ்சம் நேரம் கத்தினால் போதும் என்றல்லவா அவனுக்குத் தெரிந்துவிட்டது! என் மாமியாரோடு எனக்கு இருக்கும் ஒரே சண்டை இதுதான். (சரி, முக்கியமான சண்டை.)

அடம் பிடிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் கோளாறு என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதமாவது நீடிக்கிறதா, அண்ணன் தம்பியைத் தாண்டி மற்றவர்களிடமும் இப்படியா என்று பார்த்துத்தான் மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். கவனக்குறைவு, பதற்றம், எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமம் போன்றவை உள்ளே ஒளிந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் கோபத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416க்கு அழையுங்கள். டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சொந்தங்களுக்கு ஒரு விண்ணப்பம். கல்யாண மண்டபத்தில் அவன் உருண்டு புரளும்போது சுற்றி நிற்காதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள், சாக்லேட்டும் நீட்டாதீர்கள். எங்களை விட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். நாங்கள் அடுத்த பந்தியில் உட்கார்ந்துகொள்கிறோம்.