ஒரு பொறுப்புக்கு ஒரே ஒரு பெயர்

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சிங்கப்பூரில் எங்கள் தமிழ்ச் சபையின் ஆண்டுக் கூட்டம். செயலாளர், பொருளாளர், கமிட்டி உறுப்பினர்கள் என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரே ஒரு பெயரை வாசித்தார்கள். "ஆட்சேபம் உண்டா?" யாரும் வாய் திறக்கவில்லை. கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினோம். பத்தே நிமிடம். நானும்தான் தூக்கினேன். ஆனால் எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்வரை மனசு உறுத்திக்கொண்டே இருந்தது.

பொறுப்புக்கு வந்திருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள், உழைப்பவர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொருளாளர் தொடர்ந்து 4 ஆண்டுகளுக்கு மேல் இருக்க வேண்டாம் என்று சிங்கப்பூரில் சபைகள் போன்ற அறக்கொடை அமைப்புகளுக்கான நிர்வாக நெறிமுறை சொல்வதால் அவர் செயலாளர் ஆனார், செயலாளர் பொருளாளர் ஆனார். அந்த ஆறேழு பேருக்கு வெளியே ஒரு பெயரும் வரவில்லை.

வேதாகமத்தில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு அப்போஸ்தலர்கள் ஆள் தேடியபோது, சுமார் 120 பேர் கூடியிருந்த இடத்தில் யோசேப்பு, மத்தியா என்று இரண்டு பேரை நிறுத்தினார்கள். ஜெபித்தார்கள், சீட்டுப் போட்டார்கள். எகிப்தின் காப்டிக் திருச்சபை 2012இல் தன் தலைவரைத் தெரிந்துகொண்டதும் சீட்டில்தான். முதலில் வாக்கெடுப்பில் மூன்று பெயர்கள், பிறகு கண் கட்டிய ஒரு சிறுவன் அதில் ஒன்றை எடுத்தான். 2025 மே மாதம் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்க ரோமில் 133 கர்தினால்கள் ஓட்டுப் போட்டார்கள். அதில் நம்ம ஊர் கர்தினால் வில்லியம் கோவும் ஒருவர். ஒருவருக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு சேரும்வரை திரும்பத் திரும்ப எழுதிப் போட வேண்டும். மெதடிஸ்ட் சபைகளில் போதகரைச் சபையார் தேர்ந்தெடுப்பதில்லை, மேலிருந்து நியமிக்கிறார்கள். சரி, அதை நியமனம் என்றே சொல்கிறார்கள். நாங்கள் செய்வது நியமனம், பெயர் மட்டும் தேர்தல்.

மூத்தவர்களிடம் கேட்டால், "போட்டி வந்தால் சபை பிளந்துவிடும்" என்கிறார்கள். இந்தப் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. எங்களில் பாதிப் பேருக்குப் பூர்வீகம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். அங்கே திருமண்டலத் தேர்தல் (பல சபைகளைச் சேர்த்த மறைமாவட்ட நிர்வாகத்துக்கான தேர்தல்) என்றால் அணி, நோட்டீஸ், சாதிக் கணக்கு, அப்புறம் கோர்ட்டு. ஒரு சேகரத் தேர்தலுக்குப் (சேகரம் என்பது ஒரு போதகரின் கீழ் வரும் வட்டாரம்) பிறகு என் மாமா கூடப்பிறந்த அண்ணனோடு ஐந்து வருடம் பேசவில்லை. அதெல்லாம் இங்கே வரவே கூடாது. ஆனால் அதற்குப் பயந்து ஒரு சின்ன அறைக்குள் நாலு பேர் பேசி முடிப்பதும் சரியில்லை.

வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை இந்த வாரம் மறுபடி வாசித்தேன். ஆதிச் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகளை அன்றாடப் பந்தியில் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்கள் சபையாரையே கூப்பிட்டு, ஏழு பேரை நீங்களே பாருங்கள் என்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன்... ஏழும் கிரேக்கப் பெயர்கள்! யாருக்குக் குறை இருந்ததோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

எங்கள் மாலை ஆராதனையில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள். துவாஸில் உள்ள தொழிலாளர் டார்மிட்டரியிலிருந்து இருபது பேரைச் சேர்த்துக் கூட்டிவருகிற ஒரு தம்பி இருக்கிறார். யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குச் சம்பளம் வரவில்லை என்று பாஸ்டருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். நாற்காலி அடுக்குவதும் அவர்தான். ஆனால் ஊர்ச் சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வரவில்லை என்பதால் அவர் உறுப்பினர் இல்லை. ஆண்டுக் கூட்டம் நடந்தபோது வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

கமிட்டிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பெயர்களை மூன்று வாரம் முன்பே பலகையில் ஒட்டுங்கள், சபையாரும் பெயர் கொடுக்கட்டும், ஒரு பொறுப்புக்கு இரண்டு பேராவது நிற்கட்டும், ஓட்டு ரகசியமாக இருக்கட்டும். மாலை ஆராதனைக்காரர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த ஒருவர் கமிட்டியில் உட்காரட்டும், மாற்றுக் கடிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். "அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குள் யோசிக்கிறோம்" என்று பதில் வந்தது.

நேற்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, மார்ச்சோட என் வேலை பெர்மிட் முடியுது, அதுக்கு முன்னாடி நடக்குமா?" என்று கேட்டார்.