கோவேறு கழுதையைத் திட்டிய பாட்டு

எதிர்ப்புப் பாடல்கள் பற்றிப் பேச்சு எழுந்தாலே முகநூலில் ஒரே பட்டியல்தான் ஓடும். பாப் டிலன், ஜோன் பேயஸ், பீட் சீகர். அவர்களுக்கு முந்தைய அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களையும், அவர்கள் வளர்த்த ப்ளூஸ் என்ற பாட்டு வகையையும் பற்றிச் சொன்னால், "ப்ளூஸ் எல்லாம் காதலி விட்டுப்போன சோகம், விஸ்கி, ரயில். அதில் அரசியல் எங்கே?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். போன வாரமும் ஒரு நண்பரின் பதிவில் பார்த்தேன். பதில் எழுதப்போய் நீண்டுவிட்டது, அதனால் தனிப் பதிவாகவே போடுகிறேன்.

அவர்கள் எதிர்ப்பைப் பாடவில்லை என்பதற்கு நம்மிடம் சான்று எதுவும் இல்லை. இசைத்தட்டுக் கம்பெனிகள் எதை விற்கத் துணிந்தன என்பதற்குத்தான் சான்று இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

1947இல் நியூயார்க்கில் நடந்த ஒரு ஒலிப்பதிவு இதற்கு நல்ல சாட்சி. நாட்டார் பாடல்களைத் தேடித் தேடிப் பதிவுசெய்த ஆலன் லோமாக்ஸ், பிக் பில் ப்ரூன்ஸி, மெம்பிஸ் ஸ்லிம், சானி பாய் வில்லியம்சன் என்ற மூன்று ப்ளூஸ் கலைஞர்களை மைக் முன்னால் உட்காரவைத்து, ப்ளூஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். மூவரும் தெற்கு மாநிலங்களில் பிறந்து சிகாகோவில் பெயர் எடுத்தவர்கள். மெதுவாகத் தொடங்கும் பேச்சு, கொஞ்ச நேரத்தில் எங்கேயோ போய்விடுகிறது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கரை கட்டும் முகாம்களில் கூலிகள் பட்ட அடி, கேள்வி முறையில்லாமல் நடந்த கொலைகள், கைதிகளை வேலை வாங்கிய சிறைப் பண்ணைகள் என்று ஒவ்வொன்றாகக் கொட்டுகிறார்கள். முகாம் முதலாளிகளிடம் ஒரு கணக்கு இருந்ததாம். கோவேறு கழுதை செத்தால் இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், கறுப்பன் செத்தால் இன்னொருவனைக் கூலிக்கு வைத்தால் போதும். இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்பது பாட்டைக் கேட்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

அதே பேச்சில் இன்னொரு விஷயமும் வருகிறது. முதலாளியை நேருக்கு நேர் திட்ட முடியாதவன் என்ன செய்வான்? வேலை செய்துகொண்டே பாட்டில் திட்டுவான். கழுதை தன் காலை மிதித்துவிட்டது போலப் பாவனை செய்து, "எடுடா காலை!" என்று அதன்மேல் பாய்வான். வசவு யாருக்கு என்பது கூட வேலை செய்கிறவனுக்குத் தெரியும். நம் ஊரில் ஜாடை பேசுவது என்போமே, அதேதான். பாட்டில் முதலாளியின் பெயர் இருக்காது, அரசியல் என்று நாம் அடையாளம் காணும் எதுவும் இருக்காது. வெறும் கழுதைப் பாட்டு.

பேசி முடித்த பிறகு பதிவைப் போட்டுக் காட்டினால் மூவரும் நடுங்கிவிட்டார்கள். இது வெளியே போனால் ஊரில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களைச் சும்மா விடமாட்டார்கள், எங்கள் பெயர் வரவே கூடாது என்று கெஞ்சினார்கள். லோமாக்ஸ் பன்னிரண்டு வருடம் பொறுத்திருந்து, 1959இல் புனைபெயர்களோடு இசைத்தட்டாக வெளியிட்டார். உண்மைப் பெயர்களோடு அது வந்தது 1990இல். மூவரில் அப்போது யாரும் உயிரோடு இல்லை. நியூயார்க்கில், மூடிய அறைக்குள் பேசியதற்கே இவ்வளவு பயம். அப்படியிருக்க, 1930இல் மிசிசிப்பியிலிருந்து வந்து வெள்ளைக்காரக் கம்பெனியின் மைக் முன்னால் நிற்கும் ஒருவர், நில உடைமையாளரின் பெயரைச் சொல்லிப் பாடவில்லையே என்று நாம் குறைப்படுகிறோம்!

கம்பெனிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1920இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி பாடிய 'க்ரேஸி ப்ளூஸ்' விற்றுத் தள்ளியதும், கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று முதலாளிகளுக்குத் தெரிந்துபோயிற்று. உடனே இரண்டு அட்டவணை போட்டார்கள். கறுப்பினத்தவர் பாடியது 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', வெள்ளை நாட்டுப்புறத்தார் பாடியது 'ஹில்பில்லி'. தெற்கில் இரு தரப்பும் ஒரே மெட்டுகளை வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. பேஞ்சோ ஆப்பிரிக்க வம்சாவளியினர் உருவாக்கிய தந்தி வாத்தியம். ஃபிடிலும் (வயலின்தான்) பேஞ்சோவும் வாசித்த கறுப்பினக் குழுக்கள் ஏராளமாக இருந்தன. ஆனால் கறுப்பினத்தவர் என்றால் ப்ளூஸ்தான் வேண்டும் என்று முடிவுகட்டியவர்கள், அந்தக் குழுக்களை மிகக் குறைவாகவே பதிவுசெய்தார்கள். அந்த 'ஹில்பில்லி'தான் பின்னால் கன்ட்ரி என்று பெயர் பெற்றது. கன்ட்ரி என்றால் வெள்ளைக்காரர் இசை என்று இன்றுவரை உலகம் நினைப்பதில் அந்த அட்டவணைக்குப் பெரிய பங்கு உண்டு.

வேடிக்கை என்னவென்றால், அந்த 'க்ரேஸி ப்ளூஸ்' பாட்டிலேயே கடைசியில், துப்பாக்கி எடுத்து ஒரு போலீஸ்காரனைச் சுடப்போகிறேன் என்று ஒரு வரி வருகிறது. காதலன் பிரிந்த துக்கப் பாட்டு அது. துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று முதலாளிகள் நினைத்தார்களோ என்னவோ. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹார்லம் பகுதியில் அந்த இசைத்தட்டை வாங்கிக் கேட்டவர்களுக்கு அது உளறலாகப் பட்டிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

ஜாடையை விட்டு வெளிப்படையாகப் பாடியவர்களும் இருந்தார்கள். லெட்பெல்லி என்ற கறுப்பினப் பாடகர் 1937இல் மனைவியோடு வாஷிங்டன் போனார். லோமாக்ஸ் தம்பதியும் உடன் இருந்தார்கள். கறுப்பு ஜோடியும் வெள்ளை ஜோடியும் ஒன்றாகத் தங்க நாட்டின் தலைநகரில் இடம் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'பூர்ஷ்வா ப்ளூஸ்'. சுதந்திர நாடு என்ற தேசப் பெருமையை இழுத்துவைத்துக் கேலி செய்துவிட்டு, இந்த ஊரில் வீடு வாங்க நினைக்காதீர்கள் என்று தன் மக்களுக்குச் சொல்லும் பாட்டு.

ப்ரூன்ஸியின் 'ப்ளாக், ப்ரவுன் அண்ட் ஒயிட்' இன்னும் நேரடியானது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எல்லோருடைய எண்ணையும் கூப்பிடுகிறார்கள், இவருடையதை மட்டும் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் நின்று அதே வேலை செய்யும் வெள்ளைக்காரருக்கு மணிக்கு ஒரு டாலர், இவருக்கு ஐம்பது சென்ட். இதில் ஜாடை ஏது, மாடை ஏது? அமெரிக்கக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். 1951இல் பாரிஸுக்குப் போய்த்தான் பதிவுசெய்தார்.

ஜே.பி. லெனோர் கதையும் இதே ரகம். மிசிசிப்பியில் பிறந்து சிகாகோவில் பாடியவர், மேடையில் வரிக்குதிரைக் கோட்டு போட்டுக்கொண்டு குதூகலமாக ஆடுவார். 1954இல் 'ஐசனோவர் ப்ளூஸ்' என்று ஜனாதிபதியின் பெயரிலேயே ஒரு பாட்டு போட்டார். கம்பெனிக்கு உதறல் எடுத்து, அதை நிறுத்திவிட்டு, 'டாக்ஸ் பேயிங் ப்ளூஸ்' என்று பெயரை மாற்றி மறுபடி விட்டது. 1965இல் அலபாமாவில் கறுப்பினத்தவர் மேல் நடந்த வன்முறை பற்றியும் வியட்நாம் பற்றியும் அவர் பாடிய தொகுப்பு சிகாகோவில்தான் பதிவானது. ஆனால் காசு போட்டவர்கள் ஜெர்மனிக்காரர்கள், வெளியானதும் ஐரோப்பாவில். யாருக்காகப் பாடினாரோ அவர்கள் கைக்குப் போகவில்லை. 1967இல், முப்பத்தெட்டு வயதில் இறந்துபோனார்.

இதற்காக ஒவ்வொரு ப்ளூஸ் பாட்டிலும் புரட்சியைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்பவர்களைக் கண்டாலும் எரிச்சல்தான். பெரும்பாலான காதல் பாட்டு காதல் பாட்டுதான், கழுதை சில நேரம் வெறும் கழுதைதான். வெள்ளைப் பாடகர்களைத் தாழ்த்தவும் இல்லை. நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்ததற்காகத் தண்டனை பெற்று, பல வருடம் தொலைக்காட்சியில் முகம் காட்ட முடியாமல் இருந்தவர் சீகர். அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் புகழ் எப்படிக் கைமாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'வி ஷல் ஓவர்கம்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், இந்தியாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை பாடிய பாட்டு. கறுப்பினத் தேவாலயப் பாட்டின் வழி வந்தது. 1945-46இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சுருட்டுத் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் கறுப்பினப் பெண்கள் அதைப் போராட்டப் பாட்டாகப் பாடினார்கள். அவர்களில் லூசில் சிம்மன்ஸ் என்பவர் அதை மெதுவாக இழுத்துப் பாடுவார் என்று குறிப்புகள் உண்டு. தொழிலாளர்களுக்கும் போராட்டக்காரர்களுக்கும் பயிற்சி தந்த டென்னசியின் ஹைலாண்டர் பள்ளி வழியாக அது சீகரிடம் போயிற்று. 1960இல் காப்புரிமை பதிந்தபோது அதில் சிம்மன்ஸ் பெயர் இல்லை. ராயல்டி தெற்கின் கறுப்பினச் சமூகப் பணிகளுக்கான நிதிக்குத்தான் போனது, அதில் குற்றம் சொல்ல முடியாது. வழக்குக்குப் பிறகு 2018இல் பாட்டு காப்புரிமை இல்லாத பொதுச் சொத்தும் ஆகிவிட்டது. இருந்தாலும் இன்று பத்துப் பேரை நிறுத்தி இது யார் பாட்டு என்று கேளுங்கள். சீகர் என்பார்கள், பேயஸ் என்பார்கள். சார்ல்ஸ்டனை எத்தனை பேர் சொல்வார்கள்?

கேட்டுப்பார்க்க நினைப்பவர்கள் லெனோரின் 1965 தொகுப்பில் தொடங்கலாம். அவருடைய கிட்டார், ஃப்ரெட் பிலோவின் டிரம்ஸ், பெண் குரலோ என்று தோன்றும் அந்த உச்சக் குரல். பெரிய வாத்தியக் கூட்டமெல்லாம் கிடையாது. அப்புறம் நேராக ரியானன் கிடன்ஸ் என்ற இன்றைய கறுப்பினப் பாடகிக்குப் போங்கள். ஜோ தாம்ப்சன் என்ற முதிய கறுப்பின ஃபிடில் கலைஞரிடம் நேரில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அட்டவணை அழித்த அந்தப் பேஞ்சோ மரபை மேடைக்குக் கொண்டுவந்தவர். அவருடைய 2017 தொகுப்பின் முதல் பாட்டு, ஓர் அடிமைப் பெண்ணை விற்க வந்த பழைய விளம்பரத்தை வைத்து எழுதியது. அவளுடைய ஒன்பது மாதக் குழந்தையையும் சேர்த்து வாங்குவதா வேண்டாமா என்பது வாங்குபவர் விருப்பம் என்று அந்த விளம்பரம் சொல்கிறது. இரண்டு தொகுப்புக்கும் நடுவில் இருக்கும் ஐம்பது வருடத்தை மெதுவாக நிரப்பிக்கொள்ளலாம்.