அவசரநிலையில் மாட்டி வைத்த மருத்துவக் காப்பீடு

அமெரிக்காவில் கொரோனாவுக்கான பொதுச் சுகாதார அவசரநிலை 2023 மே 11 அன்று முடிந்தது. 2020 ஜனவரி இறுதியில் அறிவித்ததை 90 நாளுக்கு ஒருமுறை நீட்டித்து நீட்டித்து மூன்று வருடத்துக்கும் மேல் ஓட்டினார்கள். முடித்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்த விவாதம் நடந்த விதம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2022 செப்டம்பரில் அன்றைய அதிபர் பைடனே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் பெருந்தொற்று முடிந்துவிட்டது என்றார். அடுத்த மாதமே அவருடைய அரசு அவசரநிலையை மறுபடியும் நீட்டித்தது. அப்படியானால் எதற்கு இந்த அவசரகால அதிகாரம் என்று குடியரசுக் கட்சியினர் கேட்டதில் நியாயம் இருந்தது. 2023 ஜனவரி கடைசியில் பிரதிநிதிகள் சபையில் உடனே முடிக்கச் சொல்லும் மசோதா 220-க்கு 210 என்று நிறைவேறியது. அதற்கு முந்தைய நாள்தான் வெள்ளை மாளிகை மே 11 என்று தேதி குறித்திருந்தது. ஆக, சண்டை மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசத்துக்கு.

ஆனால் நோய் முடிந்ததா இல்லையா என்று இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தபோது, அந்த அறிவிப்பை நம்பி என்னென்ன நின்றன என்று எத்தனை பேர் பேசினார்கள்?

மெடிக்கெய்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு அது. 2020 மார்ச்சில் வந்த சட்டம் மாநிலங்களுக்குக் கூடுதல் நிதி கொடுத்து, பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டது: அவசரநிலை இருக்கும்வரை யாரையும் பட்டியலிலிருந்து நீக்கக்கூடாது. நல்ல நிபந்தனை. ஆனால் 2022 டிசம்பரில், பெரிய பட்ஜெட் சட்டம் ஒன்றின் நடுவே, இந்த நிபந்தனையை அவசரநிலையோடு கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். 2023 ஏப்ரலிலிருந்து மாநிலங்கள் நீக்க ஆரம்பித்தன. மொத்தம் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் தகுதி இல்லை என்று விசாரித்து நீக்கப்பட்டவர்கள் அல்ல. படிவம் திரும்பி வரவில்லை, கடிதம் பழைய முகவரிக்குப் போனது போன்ற நடைமுறைக் காரணங்கள். இன்சுலின் வாங்க மருந்துக்கடைக்குப் போய் நிற்கும்போதுதான் காப்பீடு இல்லை என்று ஒருவருக்குத் தெரிந்தால், அதை என்னவென்று சொல்வது?

இதில் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொற்றைக் காரணம் காட்டி எல்லையில் அடைக்கலம் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய டைட்டில் 42 உத்தரவைப் பாருங்கள். அவசரநிலையை உடனே முடி என்றவர்களில் பலர் அந்த உத்தரவு மட்டும் தொடரவேண்டும் என்றார்கள். பைடன் அரசோ 2022-லேயே அதை நிறுத்தப் பார்த்தது, ஆனால் அவசரநிலையை வைத்துக்கொண்டது. தனக்கு வேண்டியதற்கு மட்டும் தொற்று இருக்கிறது, வேண்டாததற்கு இல்லை. இரண்டு பக்கமும் இதையே செய்தது.

அவசரநிலை ஒருநாள் முடிந்துதான் ஆகவேண்டும். நிர்வாகத்தின் கையில் அவ்வளவு அதிகாரத்தைக் காலவரையறை இல்லாமல் விட்டுவைக்க முடியாது. அதனால்தான் ஒருவருடைய மருந்தையும் மருத்துவரையும் அதில் கட்டித் தொங்கவிடக்கூடாது என்கிறேன். மனம் இருந்தால் வழி இருந்தது. அதே 2022 டிசம்பர் சட்டம், மெடிக்கெய்டில் சேரும் குழந்தைகளுக்குக் குறைந்தது 12 மாதம் காப்பீடு தொடரவேண்டும் என்று எல்லா மாநிலங்களையும் கட்டாயப்படுத்தியது. அதற்கு அவசரநிலை எதுவும் தேவைப்படவில்லை. அந்தக் குழந்தைகளின் தாய் தகப்பனையும் அன்றே அதில் சேர்த்திருக்கலாம்.