மெனுவை இஷ்டம்போல் மாற்றுங்கள், யூஆர்எல்லில் கை வைக்காதீர்கள்

தளத்தை ஒழுங்குபடுத்துகிறோம் என்று யாராவது கிளம்பினாலே வயிற்றைக் கலக்குகிறது. கூட்டம் போடுகிறார்கள், பலகையில் பெட்டி பெட்டியாக வரைகிறார்கள், "செய்திகள்" இனிமேல் "ஊடகம்" என்கிறார்கள், "பயிற்சி"யைத் தூக்கி "சேவைகள்" அடியில் போடுகிறார்கள். அதோடு நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். கையோடு அத்தனை யூஆர்எல்லையும், அதாவது பக்கங்களின் இணைய முகவரிகளையும், மாற்றிவிட்டு, "கூகுளிலிருந்து வருகிறவர்கள் ஏன் குறைந்துவிட்டார்கள்?" என்று தளத்தைப் பராமரிப்பவரையே கேட்கிறார்கள். குறையாமல் என்ன செய்யும்?

மெனு வேறு, கேட்டகரி வேறு, யூஆர்எல் வேறு. இதை எத்தனை தடவைதான் சொல்வது! மெனு, இன்றைக்குத் தளத்துக்குள் வந்து நிற்பவருக்கு வழிகாட்ட. கேட்டகரி, ஒரே வகைப் பதிவுகளைச் சேர்த்துக் காட்ட. இரண்டும் நம் வீட்டுக்குள் இருப்பவை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். யூஆர்எல் நம் கையை விட்டுப் போய்விட்டது. அச்சடித்த கையேட்டில் இருக்கிறது, பழைய மின்னஞ்சலில் இருக்கிறது, வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறது, முகம் தெரியாதவர்களின் புக்மார்க்கில் இருக்கிறது. அதையெல்லாம் யார் போய்த் திருத்துவது? வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே இதை எழுதிவைத்துவிட்டார்: நல்ல முகவரி மாறாது, அதற்குள் ஆசிரியர் பெயர், பொருள் வகை, கோப்பின் நீட்சி எதையும் திணிக்காதீர்கள் என்று. இன்றைக்கும் காது கொடுத்துக் கேட்பாரில்லை.

தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மெனுவில் ஒரு பக்கத்தை எங்கே இழுத்துப் போட்டாலும் அதன் யூஆர்எல் அசையாது. இவ்வளவு வசதியாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஆனால் யூஆர்எல்லின் வடிவத்தை முடிவு செய்யும் பெர்மாலிங்க் அமைப்பில் போய் கேட்டகரி, பதிவுப் பெயர் என்ற இரண்டையும் வேண்டுமென்றே சேர்த்து வைக்கிறார்கள். ஒரு பதிவுக்கு இரண்டு கேட்டகரி இருந்தால் யூஆர்எல்லில் எது வரும்? முக்கியமானது வராது. எந்தக் கேட்டகரியின் ஐடி எண் சிறியதோ, அதாவது எது முதலில் உருவானதோ, அதுதான் வரும். எஸ்இஓ பிளக்இன் (தேடுபொறிக்காகத் தளத்தைச் செம்மைப்படுத்தும் துணை நிரல்) எதையாவது போட்டு முதன்மைக் கேட்டகரியைத் தேர்ந்தெடுத்தால்தான் இது மாறும். இன்னொரு கேட்டகரியின் பெயரை வைத்துத் தட்டினாலும் அதே பதிவு திறக்கும். ஒரு பதிவு, இரண்டு முகவரி. பிறகு யாரோ கேட்டகரியின் ஸ்லக்கை, அதாவது யூஆர்எல்லில் அதைக் குறிக்கும் பெயரை, மாற்றுவார். பதிவுகளைப் பெரும்பாலும் வேர்ட்பிரஸ்ஸே புது முகவரிக்குத் திருப்பிவிடும். கேட்டகரியின் சொந்தப் பக்கத்துக்கு அந்தக் கருணை கிடையாது, நேரே 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பதில்தான்.

பக்கங்களின் ('எங்களைப் பற்றி' போலக் கேட்டகரி இல்லாமல் தனியே நிற்பவை) கதை இன்னும் மோசம். பதிவின் ஸ்லக்கை மாற்றினால் பழையதை டேட்டாபேஸில் குறித்துவைத்துத் திருப்பிவிடுகிறது. பக்கத்துக்கு அப்படிக் குறித்துவைப்பதே இல்லை. தாய்ப் பக்கத்தை மாற்றினால் அடியில் இருக்கும் பக்கங்கள் எல்லாவற்றின் யூஆர்எல்லும் ஒரே சொடுக்கில் மாறுகிறது. பழைய முகவரியில் வருகிறவரை, ஸ்லக்கின் தொடக்கத்தை வைத்து ஊகித்து எங்கேயாவது அனுப்பப் பார்க்கும். சரியான இடத்துக்கும் போகலாம், சம்பந்தமே இல்லாத பக்கத்துக்கும் போகலாம். இந்த ஊகத்தை நம்பித்தான் "ரீடைரக்ட் (பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் விதி) எல்லாம் தேவையில்லை, தானாகவே போகிறதே" என்கிறார்கள்!

இன்னொரு தள மென்பொருளான ஜூம்லாவில் யூஆர்எல்லே மெனுவிலிருந்துதான் பிறக்கிறது, அங்கே மெனு உருப்படியின் ஏலியஸை (யூஆர்எல்லில் வரும் பெயரை) தொட்டால் அடியில் இருக்கும் கட்டுரைகள் எல்லாம் சேர்ந்து நகரும். அதே வகை மென்பொருளான ட்ரூபலில், முகவரியைத் தானாக உருவாக்கும் பாத்ஆட்டோ என்ற மாட்யூலின் (துணை நிரலின்) வடிவத்துக்குள் மெனுவின் மேல்நிலைப் பெயரைச் சேர்த்துவைத்தால் இதே கூத்து. அங்கே ரீடைரக்ட் மாட்யூலையும் நிறுவாமல் விட்டால் புது ஏலியஸ் வந்ததும் பழையது அழிந்துவிடும், இயல்பான அமைப்பே அதுதான்.

சரி, மாற்றியே தீரவேண்டும் என்றால்? மாற்றுவதற்கு முன்னால் எல்லா யூஆர்எல்லையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் இறக்குங்கள். சைட்மேப் (தளமே தரும் பக்கப் பட்டியல்) மட்டும் போதாது, சர்வர் லாகிலும் (யார் எந்த முகவரியைக் கேட்டார்கள் என்ற பதிவேடு) கூகுளின் சர்ச் கன்சோலிலும் வருபவற்றையும் சேருங்கள். மக்கள் உண்மையில் எந்த வழியாக நுழைகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். பக்கத்துப் பத்தியில் ஒவ்வொன்றுக்கும் புது முகவரி. அதற்கு ஈடான பக்கம் இல்லையா? 410, அதாவது 'நீக்கியாயிற்று' என்ற பதிலைக் கொடுத்து மரியாதையாக முடியுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுகிற அந்தச் சோம்பேறித்தனத்தைத்தான் பொறுக்கவே முடியவில்லை. விண்ணப்பப் படிவம் தேடி வந்தவர் முகப்பில் நின்று என்ன செய்வார்? கூகுளும் அதைப் போலி 404 என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

முதலில் 302 (தற்காலிக ரீடைரக்ட்) போட்டுச் சோதியுங்கள், சரியாக இருந்தால் 301 (நிரந்தர ரீடைரக்ட்). எடுத்த எடுப்பில் தப்பான 301 போட்டால் உலாவி அதைக் கேஷில், அதாவது தன் நினைவில், வைத்துக்கொள்ளும். நீங்கள் சர்வரில் திருத்திய பிறகும் ஏற்கெனவே வந்துபோனவர் அதே தப்பான இடத்துக்குத்தான் போவார். போன மறுசீரமைப்பின் ரீடைரக்டுக்கு மேல் இந்தத் தடவை இன்னொன்று, அதற்கும் மேல் அடுத்தது என்று அடுக்காதீர்கள். தளங்களைப் படித்துப்போகும் கூகுளின் நிரலான கூகுள்பாட் 10 தாவலோடு நிறுத்திக்கொள்ளும். பழைய விதிகளைத் திறந்து, ஒவ்வொன்றும் கடைசி முகவரிக்கு நேரே போகும்படி திருத்துங்கள். ஆறே மாதத்தில் "இதெல்லாம் இன்னும் எதற்கு?" என்று விதிகளை அழிக்க ஒருவர் வருவார். குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருங்கள் என்பது கூகுளே சொல்வது. வெளியில் இணைப்பு இருக்கும்வரை வைத்திருப்பதுதான் நியாயம்.

தமிழ்த் தளங்களில் இன்னொரு கொடுமை, ஸ்லக்கைத் தலைப்பிலிருந்து தானாக எடுக்க விடுவது. வேர்ட்பிரஸ்ஸில் ஸ்லக்குக்கு 200 எழுத்துதான் இடம். யூஆர்எல்லுக்காகக் குறியாக்கம் செய்யும்போது தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் 9 எழுத்தாகப் பெருத்துவிடும். புள்ளிக்கும் துணைக்குறிக்கும் தனித்தனியாக 9. ஆக மொத்தம் 22 குறிதான் தாங்கும். "பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பு" என்று தலைப்பு வைத்துப் பாருங்கள், ஸ்லக் "பள்ளிகளுக்கு-விடுமுறை-அற" என்று நடுவில் வெட்டுப்பட்டு நிற்கும். இரண்டாம் தடவை அதே தலைப்பு வந்தால் "பள்ளிகளுக்கு-விடுமுறை-அ-2". இதை யாருக்காவது அனுப்பினால் பாதித் திரைக்குச் சதவீதக் குறிகள். ஸ்லக்கைக் கையால் எழுதுங்கள், ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொல், இடையில் கோடு. இல்லை, தமிழில்தான் வேண்டும் என்றால் இரண்டே சின்னச் சொல்லோடு நிறுத்துங்கள்.

அந்த "-2" இருக்கிறதே, அதைக் கண்டும் காணாமல் வெளியிடுகிறார்களே, அதற்கு என்ன சொல்ல? அதே பெயரில் வேறு பக்கம் எதுவும் இல்லை, பிறகு எப்படி வந்தது? மீடியா லைப்ரரியில் பாருங்கள். அந்தப் பெயரில் ஒரு படத்தை முதலில் ஏற்றியிருப்பீர்கள். படத்துக்கும் ஸ்லக் உண்டு, பெயரை அது பிடித்துக்கொண்டுவிட்டது. படத்தின் ஸ்லக்கை மாற்றிச் சேமியுங்கள், பிறகு பக்கத்தின் ஸ்லக்கிலிருந்து "-2"ஐ எடுங்கள். வெளியிடுவதற்கு முன்பு செய்தால் ஒரு நிமிட வேலை, வெளியிட்ட பிறகு செய்தால் அதற்கும் கையால் ஒரு 301 எழுதவேண்டும்.