ஹார்வெஸ்டர் கேபினும் சங்கிலித் தெறிப்பும்

மரம் வெட்டும் ஹார்வெஸ்டர் இயந்திரத்தை ஓட்டுபவர் கேபினுக்குள் இருப்பதால் ஆபத்தே இல்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. அறுப்புச் சங்கிலி அறுந்து அதன் துண்டு பறந்து வரும் சங்கிலித் தெறிப்பைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

அறுப்புச் சங்கிலி விநாடிக்கு 40 மீட்டர் வரை வேகத்தில் ஓடுகிறது. அறுந்தால் அதன் முனை சாட்டை போலச் சுழன்று மறுபடி முறியும். அப்போது தெறிக்கும் துண்டு துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். சாதாரணக் கண்ணாடி தாங்காது, தடித்த பாலிகார்பனேட் (உறுதியான பிளாஸ்டிக்) ஜன்னல் வேண்டும். அதையும் தின்னர் போட்டுத் துடைத்தால் வலுவிழந்து நுண்வெடிப்பு விடும். சோப்புத் தண்ணீர் போதும்.

துண்டுகள் பெரும்பாலும் பார், அதாவது சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு, இருக்கும் வாக்கிலேயே பறக்கும். அதனால் பாரின் நேர்க்கோட்டில் கேபினோ ஆட்களோ இருக்கும்படி அறுக்கவே கூடாது. சுற்றிலும் குறைந்தது 70 மீட்டருக்கு யாரும் நிற்கக் கூடாது.

சங்கிலி அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பராமரிப்புதான்: மழுங்கிய பல், வறண்ட எண்ணெய், தளர்ந்த இழுவை. சாணை பிடிக்கும்போது பல் நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். ரிவெட் ஓரத்தில் விரிசல் தெரிந்தால், ஒட்டுப்போடாமல் அந்தச் சங்கிலியையே தூக்கிப் போட்டுவிடுங்கள்.